பூர்வீகம் தேடித் தருகிறேன் என்பவரிடம் பொருளை ஒப்படைக்காதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பழைய ரப்பர் தோட்டத்துப் பொருள்களின் முதல் உரிமையாளரைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி வீடு தேடி வந்த ஒருவரிடம் என் தந்தையாரின் பைனாகுலரை இழந்தேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தந்தையார் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்த தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை அந்தப் பைனாகுலரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பித்தளையால் ஆன, தோல் போர்த்திய, நேரான இரு குழல்கள் கொண்ட பழைய கப்பல் பைனாகுலர் அது. தோள்வார் அறுந்த பிறகு, பால்மரத்தில் மங்கு (ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம்) கட்டும் கம்பியை வளைத்து அப்பா அதில் மாட்டியிருந்தார். குழல்களை இணைக்கும் தகட்டில் ஆங்கிலத்தில் சில வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. நார்வேயின் அரெண்டால் துறைமுகத்தைச் சேர்ந்த பாய்மரக் கப்பலின் தலைவர், கப்பல் உடைந்து தவித்த மாலுமிகளிடம் காட்டிய மனிதநேயத்துக்கும் கருணைக்கும் நன்றியாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அதை அவருக்கு வழங்கியது என்பது அவற்றின் பொருள். பிரிட்டிஷ் மாலுமிகளைக் கடலில் காப்பாற்றிய அயல்நாட்டுத் தலைவர்களுக்குத் தொலைநோக்கியோ பைனாகுலரோ பரிசளிப்பது அக்காலத்தில் அந்த அரசின் வழக்கம். நார்வேக்காரர் ஒருவரின் பரிசு பேராக்கில் இருந்த ஒரு துரையின் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எனக்குச் சிறு வயது முதலே உண்டு. அந்த ஆவலைத்தான் வந்தவர் பிடித்துக்கொண்டார்.

முதலில் 650 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். பொறிப்பு மங்கலாக இருப்பதால் சுத்தம் செய்து படம் எடுக்க வேண்டும் என்று மேலும் 400 வெள்ளி பெற்றுக்கொண்டு, பைனாகுலரையும் ஈப்போவுக்கு எடுத்துச் சென்றார். "ஐயா, அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நான்கு வாரங்கள் சொன்னார். ஐந்தாம் வாரம் பளபளக்கும் பைனாகுலர் ஒன்றும், கெட்டி அட்டை போட்ட பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்றும் வந்து சேர்ந்தன.

அந்தத் தலைவர் லிவர்பூலைச் சேர்ந்த ஆங்கிலேயர் என்றும், நீராவிக் கப்பல் ஓட்டியவர் என்றும், அவருடைய வாரிசுகள் பொருளை நல்ல விலைக்கு வாங்கக் காத்திருப்பதால் வழக்கறிஞர் செலவுக்கு 1,200 வெள்ளி அனுப்ப வேண்டும் என்றும் அறிக்கை கூறியது. தகட்டிலேயே அரெண்டால் என்றும் பாய்மரக் கப்பல் என்றும் எழுதியிருக்க, அதைப் படித்துப் பார்க்கும் சிரமத்தைக்கூட அந்த மனிதர் எடுத்துக்கொள்ளவில்லை. பணம் கொடுத்த நானும் ஒழுங்காகப் படித்தேனா என்றால், அதுவும் இல்லை.

சந்தேகம் வந்த பிறகுதான் பைனாகுலரை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் விளக்கின் பிம்பம் நீலமும் ஊதாவுமாகத் தெரிந்தது. எதிரொளிப்பைக் குறைக்கும் அந்தப் பூச்சு ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் 1935இல்தான் உருவாக்கப்பட்டது; எங்களுடையதைப் போன்ற 1890களின் கண்ணாடியில் பிம்பம் வெள்ளையாகவே தெரிய வேண்டும். பழைய எழுத்துகள் கையுளியால் வெட்டப்பட்டவை என்பதால் வளைவுகளில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருந்தன. திரும்பி வந்ததில் எல்லாக் கோடுகளும் இயந்திரம் கீறியதுபோல் ஒரே பருமனில் இருந்தன. மங்குக் கம்பியைக் காணவில்லை. பித்தளையில் புதிதாகச் செய்த நகல் ஒன்றில் எங்கள் வாசகத்தைப் பொறித்து அனுப்பியிருக்கிறார். இத்தகைய நகல்கள் சந்தையில் ஏராளம். விக்டோரியா அரசி 1901இல் மறைந்திருக்க, "விக்டோரியன் மரைன் டெலஸ்கோப், லண்டன் 1915" என்று பொறித்த குழல்களைக்கூடக் கூசாமல் விற்கிறார்கள்.

உரிமையாளரைத் தேடுவதற்குப் பொறிப்பின் தெளிவான படம் ஒன்றே போதும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 1764 முதல் வெளிவந்த லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டின் பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கப்பலின் பெயருக்கு நேரே தலைவர், உரிமையாளர், சொந்தத் துறைமுகம் ஆகியவை இருக்கும். இத்தகைய பரிசுகளைக் கவனித்துவந்த பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் ஆவணங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மீட்புச் செய்திகளைத் தேடச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பும் உதவும். 2016இல் என் மகள் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒரே மாலையில் அந்தக் கப்பலையும் தலைவரின் பெயரையும் பதிவேட்டில் கண்டுபிடித்தோம். அரெண்டால்தான்.

பணம் அனுப்புமுன் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏமாந்தது உடனே தெரிந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். எனக்கு அதற்கான நேரம் கடந்துவிட்டது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

இடது குழலின் விளிம்பில் கட்டை விரல் அளவுக்கு ஒரு நசுங்கல், தோலில் நான் சிறுவனாக இருந்தபோது கொட்டிய சிவப்பு மையின் கறை, அரெண்டால் என்ற சொல் உள்ள தகடு. இந்த அடையாளங்களோடு ஒரு பைனாகுலர் ஈப்போ ஞாயிறு சந்தையிலோ வேறெங்கோ விலைக்கு வந்தால், வாங்காமல் ஒரு படம் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.