டோக்கியோவிலிருந்து ஒசாகா: விமானமா, ஷின்கான்சென்னா?

நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர்தான். ரயில் பாதை வளைந்து போவதால் 515 கிலோமீட்டர். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒசாகாவின் இதாமி விமான நிலையத்துக்கு விமானம் ஒரு மணி நேரம் சொச்சம். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில்களில் ஒன்றான நொசோமிக்கோ சுமார் இரண்டரை மணி நேரம். அப்படியென்றால் விமானம்தானே வேகம்?

அங்கேதான் கணக்கு இடறுகிறது. டோக்கியோ நிலையத்திலிருந்து ஹனேடா போக அரை மணி நேரம், பரிசோதனை, காத்திருப்பு, இறங்கியபின் இதாமியிலிருந்து ஊருக்குள் இன்னொரு அரை மணி நேரம். கூட்டினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். ரயிலில் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றால் போதும். ஒசாகாவின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-ஒசாகாவில் இறங்கினால் ஒசாகா நிலையம் அடுத்த நிறுத்தம்தான். ரயிலைத் தவறவிட்டாலும் பதற வேண்டாம். சில நிமிடங்களில் அடுத்த நொசோமி வந்துவிடும். 1964இல் இந்தப் பாதை திறந்தபோது இதே பயணத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது!

என் ஓட்டு ரயிலுக்கே. ஒசாகா போகும்போது வலப்பக்க ஜன்னலோர 'இ' (E) இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், மேகம் மனது வைத்தால் ஃபுஜி மலை தெரியும். பெரிய பெட்டி இருந்தால் மட்டும் கவனம்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

சரி, விமானம் யாருக்கு? வெளிநாட்டிலிருந்து ஹனேடாவில் இறங்கி அப்படியே ஒசாகா போகிறவர்களுக்கு. அப்புறம், மலிவு டிக்கெட் தேடுகிறவர்களுக்கு. ஆனால் அவை பெரும்பாலும் டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான நரிட்டாவிலிருந்து ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும், இரண்டுமே ஊரை விட்டு வெகுதூரம்.