பெருங்குடி ஆபிஸ் கிரெச்: ஒரு அப்பாவோட ரிவ்யூ

5க்கு 4 ஸ்டார். நாலும் அங்க புள்ளைங்கள பாத்துக்கற அக்காங்களுக்கு, குறைஞ்ச ஒண்ணு மூடற டைமுக்கு.

சென்னை ஓஎம்ஆர்ல பெருங்குடி பக்கம் எங்க ஆபிஸ் இருக்கற கேம்பஸ்ல கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கற கிரெச் இது, அதாவது வேலைக்கு வர்றவங்க புள்ளைங்கள பகல்ல பாத்துக்கற எடம். நடத்தறது வெளி ஆளுங்க, எங்க கம்பெனியும் அதே கேம்பஸ்ல இருக்கற இன்னும் சில கம்பெனிகளும் சேர்ந்து டை-அப் வச்சிருக்காங்க. கேம்பஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு மட்டும்தான் அட்மிஷன், அதனால பேர் போடல. ஆனா எந்த கிரெச்ச பாக்கப் போனாலும் எதை கவனிக்கணும், கம்பெனிகிட்ட எதை கேட்டு வாங்கலாம்னு தெரிஞ்சிருக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

வைஃப் வெஸ்ட் மாம்பலத்துல ஒரு கண்ணாடிக் கடையில வேலை பாக்கறா, மொத்தமே பதினஞ்சு பேர் இருப்பாங்க. 26 வாரம் சம்பளத்தோட லீவ் ஒழுங்கா குடுத்தாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா பிரசவ லீவு சட்டத்துல 2017ல வந்த திருத்தப்படி கிரெச் வசதி 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற இடத்துக்குத்தான் கட்டாயம், அவ கடைக்கு பொருந்தாது. டாக்டர் ரெஸ்ட் சொன்னதால டெலிவரிக்கு முன்னாடியே 8 வாரம் எடுத்தாச்சு, மிச்சம் 18 வாரம்தான், அதாவது பாப்பாவுக்கு நாலு மாசம் ஆகும்போதே அவ கடைக்கு கிளம்பணும். இங்க சேத்துக்கறது ஆறு மாசத்துல இருந்து, சென்ட்ரல் கவர்மென்ட் 2018ல போட்ட கைட்லைன்ஸ்லயும் 6 மாசம் முதல் 6 வயசு வரைன்னுதான் இருக்கு. அப்ப நடுவுல அந்த ரெண்டு மாசம் புள்ளைய யார் பாக்கறது? எங்களுக்கு அத்தை மதுராந்தகத்துல இருந்து வந்து தங்குனாங்க. அப்படி வர ஆள் இல்லாத வீட்ல பொண்ணுங்க வேலைய விடறது இந்த எடத்துலதான், எனக்கு தெரிஞ்சவங்கள்லயே விட்டிருக்காங்க, லெட்டர்ல "பர்சனல் ரீசன்"னு எழுதிட்டு போயிடறாங்க, யாரும் கேக்கறதும் இல்ல.

சரி, என் ஆபிஸ்லதான் கிரெச் இருக்கேன்னு கேட்டா ஹெச்ஆர்ல "அது லேடீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும் சார்"னுட்டாங்க. சட்டத்துல ஒரு நாளைக்கு 4 தடவ போய் புள்ளைய பாக்கற உரிமை அம்மாவுக்குன்னு எழுதியிருக்கறது உண்மைதான். ஆனா அம்மா வேலை பாக்கற எடத்துலதான் புள்ளைய சேக்கணும்னு எங்கயும் எழுதல, 50 பேர்னு தலைய எண்ணும்போது ஆம்பளைங்களையும் சேத்துத்தானே எண்ணறாங்க. ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 1981லயே 156வது ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டுச்சு, குடும்பப் பொறுப்பு இருக்கற ஆண் பெண் ரெண்டு பேருக்கும் அந்தக் காரணத்தால வேலையில பாதிப்பு வரக்கூடாதுங்கறதுதான் அதோட விஷயமே, இந்தியா இன்னும் அத ஏத்துக்கல. இதெல்லாம் விவரமா மெயில்ல எழுதி அனுப்புனேன், எங்க டீம் லீட் மேடமும் அதுக்கு மேல ஒரு பதில் போட்டு சப்போர்ட் பண்ணாங்க, கடைசியில ஒத்துக்கிட்டாங்க. இப்ப காலையில வேளச்சேரியில இருந்து பாப்பாவ நான்தான் கூட்டிட்டு வரேன்.

கிரெச்சுக்கு வருவோம். ஃபீஸ் மாசம் 9,000, பாதி கம்பெனி குடுக்குது. சுவத்துல பொம்மை, கலர் பாய் எல்லாம் எல்லா எடத்துலயும் இருக்கு, அதப் பாத்து ஏமாறாதீங்க, எத்தன புள்ளைக்கு எத்தன ஆளுன்னு எண்ணிப் பாருங்க. மூணு வயசுக்கு கீழ பத்து புள்ளைக்கு ஒரு ட்ரெயினிங் எடுத்த ஆள் இருக்கணும், இங்க அதுக்கு கொறஞ்சு நான் பாத்ததே இல்ல. பால் பாட்டில் ஒவ்வொண்ணுலயும் பேரும் டைமும் எழுதி ஃப்ரிட்ஜ்ல வைக்கறாங்க. ஒரு நாள் மதியம் போனப்ப அங்க இருக்கற அக்கா "பாப்பா அப்பா, இன்னிக்கு 60 எம்எல்தான் குடிச்சா, மிச்சத்த கொட்டிட்டோம், குடிச்ச பால திரும்ப சூடு பண்ணி குடுக்க மாட்டோம்"னு அவங்களா சொன்னாங்க. தாய்ப்பால கொட்டுனத மறைக்காம சொல்ற எடத்த நம்பலாம்னு எனக்கு அன்னிக்கு தோணுச்சு.

வாசல்ல ஒரு நீள நோட்டு இருக்கும், அம்மாவோ அப்பாவோ உள்ள வந்த டைம், வெளிய போன டைம், கையெழுத்து. அந்த நோட்டு எவ்ளோ பெரிய விஷயம்னு பக்கத்து டீம்ல இருக்கற ஒரு பொண்ணு விஷயத்துலதான் புரிஞ்சுது. பால் குடுக்க எழுந்தாலே அவங்க மேனேஜர் "மறுபடியுமா?"ன்னு கேப்பாராம், அப்ரைசல்ல "சீட்ல இருக்கறதில்ல"ன்னு ரேட்டிங்க கொறச்சிட்டாங்க. அந்த 4 தடவைங்கறது ரெஸ்ட் டைமையும் சேத்துத்தான், ஆனா புள்ளைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்க தனியா 2 பிரேக் உண்டு, அத ரெஸ்ட் டைம்ல கழிக்கக் கூடாது. கிரெச் சூப்பர்வைசர் அம்மா ஒரு வார்த்த பேசாம மூணு மாச பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து குடுத்தாங்க, எல்லாமே பத்து பதினஞ்சு நிமிஷம்தான். அதோட ஹெச்ஆர்ல போய் உக்காந்தப்பறம் ரேட்டிங்க மாத்துனாங்க. அந்த நோட்டு இல்லன்னா அவங்க வாய் வார்த்தைய யார் நம்பியிருப்பா? கிரெச் பாக்கப் போறவங்க பொம்மைய விட்டுட்டு மொதல்ல நோட்டு இருக்கான்னு பாருங்க.

ஒரு ஸ்டார் போனதுக்கு காரணம், சாயங்காலம் 6:30க்கு கதவ சாத்திடறாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு கால் மணிக்கும் 100 ரூவா. ஓஎம்ஆர் கம்பெனியில பாதிப் பேருக்கு அப்பதான் ஃபோன் மீட்டிங் ஆரம்பிக்குது, மெட்ரோ வேலைனால ரோடு வேற இப்படி கெடக்குது. ஆனா அந்த அக்காங்களுக்கும் வீடு இருக்கு, அவங்க புள்ளையும் காத்துட்டு இருக்கும், அதனால அவங்கள கூட நேரம் நிக்க வைக்கறது பதில் இல்ல, ரெண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் போட்டு சம்பளம் குடுக்கணும், அத கம்பெனிங்கதான் செய்யணும்.

அதவிட எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு, அது கிரெச் மேல இல்ல. எங்க ஃப்ளோர்ல ஹவுஸ்கீப்பிங் பண்ற அக்காவுக்கு ரெண்டு வயசுல பையன், கல்லுக்குட்டையில பக்கத்து வீட்ல விட்டுட்டு வராங்க, அவனுக்கு காய்ச்சல்னா அன்னிக்கு லீவு, லீவுன்னா சம்பளம் கட். காண்ட்ராக்ட் ஆளுங்க, தினக்கூலி ஆளுங்க புள்ளைங்களையும் சேக்கணும்னு அந்த 2018 கைட்லைன்ஸ்லயே இருக்கு. சூப்பர்வைசர் அம்மாகிட்ட கேட்டா "எடம் இருக்குப்பா, லெட்டர் வந்தா நாளைக்கே சேத்துக்கறேன்"ங்கறாங்க. காண்ட்ராக்டர் கம்பெனிய கை காட்றான், கம்பெனி காண்ட்ராக்டர கை காட்டுது.

இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு: 2025 நவம்பர் 21ல புது சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாலும் 26 வாரமும், 50 பேருக்கு கிரெச்சும், பிரசவ லீவுல இருக்கும்போது வேலையவிட்டு தூக்கக் கூடாதுங்கறதும் அப்படியே இருக்கு, "பழைய சட்டம் போயிடுச்சு"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தொழிலாளர் நலத்துறை ஆபிஸ் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு, எழுத்துல குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கங்க. வக்கீல் வேணும்னா 15100க்கு போன் பண்ணுங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.

அந்த அக்கா பையனுக்கு லெட்டர் கேட்டு போன வாரம் மறுபடியும் மெயில் போட்டிருக்கோம், இந்த தடவ ஃப்ளோர்ல நெறைய பேர் பேரோட. பதில் வந்ததும் இதுலயே அப்டேட் பண்றேன்.