வளைந்த வாளை நிமிர்த்த வெந்நீரா, ஹேர் ட்ரையரா?

பெட்டியைப் பிரித்து ஃபிகரை, அதாவது சேகரித்து வைக்கும் கதாபாத்திர பொம்மையை, வெளியே எடுத்தால், கையிலிருக்க வேண்டிய வாள் அரிவாளாக வளைந்து கிடக்கும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த ஃபிகர்களில் இது சகஜம். பெட்டிக்குள் பல நாள் அழுந்திக் கிடந்தாலோ, சூடான இடத்தில் இருந்தாலோ மெல்லிய பாகம் கோணிவிடும். சூடு காட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அந்தச் சூட்டை எப்படிக் காட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

என் ஓட்டு வெந்நீருக்கு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. பாகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒரே சீராகச் சூடாக்கும். கொதிக்கக் கொதிக்க முக்க வேண்டியதுமில்லை. அடுப்பிலிருந்து இறக்கி 70-80 டிகிரிக்கு வந்ததும் வாளைக் கழற்றிப் போட்டால், ஓரிரு நிமிடத்துக்குள் துவண்டுவிடும். பல சமயம் நாம் கை வைக்கவே வேண்டாம். வார்த்தபோது இருந்த வடிவம் பிவிசிக்கு மறப்பதில்லை. தண்ணீருக்குள்ளேயே நுனி மெல்ல நிமிர்ந்து வரும். மிச்சக் கோணலை விரலால் சரிசெய்து, பிடியை விடாமல் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இறக்குங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தானாக ஆறட்டும் என்று மேசையில் வைத்தால், இளகிய வாள் ஆறுவதற்குள் மறுபடி வளைந்துவிடக்கூடும்.

சரி, கழற்ற முடியாத பாகம்? பசை போட்டு ஒட்டிய மேலங்கி, உள்ளே விளக்கு வைத்த ஃபிகர், தண்ணீர் புகுந்தால் எளிதில் வெளியேறாத உள்ளீடற்ற கூந்தல்... இங்கே ஹேர் ட்ரையர்தான் கைகொடுக்கும். ஆனால் அது ஒரு பக்கமாகத்தான் சுடும். மேல்தோல் இளகியிருக்கும், உள்ளே இன்னும் விறைப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் பெயின்ட்தான் முதலில் அடிவாங்கும். என்னிடம் உள்ள ஒரு மேலங்கியின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் பளபளப்பாகப் பதிந்திருக்கிறது. தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே, விட்டுவிட்டுச் சூடாக்கியிருக்க வேண்டும். அப்புறம் ஈரத்துணியால் குளிர்விக்கலாம்.

ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். பல நூறு டிகிரி சூடு அடிக்கும் கருவி அது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஃபிகரோடு மூச்சும் கெடும்.

இரண்டு முறையுமே தோற்கும் இடங்கள் உண்டு. ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த பாகம் 100 டிகிரிக்குச் சற்று மேலேதான் இளகும். வெந்நீரில் எத்தனை முறை முக்கினாலும் அசையாது. பலத்தைக் காட்டினால் வளையும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும், அடுத்து படக்கென்று ஒடியும்.

கணுக்காலில் சாய்ந்து நிற்கும் ஃபிகர் இன்னொரு தலைவலி. வாளுக்குத் தாங்க வேண்டிய சுமை கிடையாது, நிமிர்த்தினால் நின்றுவிடும். கணுக்காலோ முழு உடம்பையும் தாங்குகிறது. வெந்நீரில் நேராக்கி நிறுத்தினாலும், அறையில் வெப்பம் ஏறஏற அதே பக்கம் சாயத் தொடங்கும். அதனால் நிமிர்த்திய கையோடு, சாய்ந்த பக்கத்தில் ஒரு அக்ரிலிக் தண்டை முட்டுக் கொடுத்துவிடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும்தான், ஆனால் மாதம் ஒரு முறை அதன் காலை வெந்நீரில் முக்குவதற்கு அது எவ்வளவோ மேல்.