கப்பலில் ஓய்வு நேரத் தாள் மோசடி: நம்மூர்த் தம்பிகள் கவனத்துக்கு

ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை, உவரி பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற பையன்களும், அவர்களை அனுப்பிவைக்கிற வீட்டாரும் இதை முழுதாகப் படிக்க வேண்டும். ஏஜென்ட் காசு வாங்கி ஏமாற்றுவது ஊருக்கே தெரிந்த கதை. எனக்கும் அது நடந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஏமாற்று கப்பலுக்குள்ளே மாதாமாதம் நடக்கிறது, அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. ரெஸ்ட் ஹவர்ஸ் ஷீட் என்று சொல்கிற ஓய்வு நேரத் தாளில் எழுதப்படும் பொய்க் கணக்கைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் மாடியில் ஓர் அறை. "தம்பி, சர்வீஸ் சார்ஜ் மட்டும் குடுத்துருங்க, ரசீதெல்லாம் கேக்காதீங்க, கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார் ஏஜென்ட். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டினோம். வேலைக்குச் சேர்த்துவிட, கப்பல் வேலைக்குப் போகிறவரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது விதி. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எம்எல்சி, அதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவச் சான்று, சிடிசி என்கிற கப்பல் தொழிலாளர் அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட், இந்தச் செலவுதான் நம்முடையது. விசா செலவுகூட கப்பல் முதலாளி தலையில்தான். இந்தியா இதை 2015-ல் ஏற்று, 2016 அக்டோபரிலிருந்து இங்கே நடைமுறையில் இருக்கிறது.

சரி, கப்பலுக்கு வருவோம். வெளிநாட்டுக் கொடி கட்டிய, நிலக்கரி ஏற்றும் பல்க் கேரியர், அதாவது மூட்டை கட்டாத சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல். நான் ஏபி, அனுபவமுள்ள தள மாலுமி. சாப்பாட்டு அறையான மெஸ் ரூமுக்கு வெளியே நடைபாதைச் சுவரில் யார் எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு ஓய்வு என்று அட்டவணை அழகாக ஒட்டியிருந்தது. பார்த்தால் அரசாங்க ஆபீஸ் வேலை மாதிரி இருக்கும்.

விதி இதுதான், மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி ஓய்வு. எந்த 7 நாளை எடுத்தாலும் குறைந்தது 77 மணி. அந்த 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணியாவது இருக்க வேண்டும். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் 14 மணிக்கு மேல் போகக் கூடாது. டீ குடிக்க விடும் இடைவேளை ஓய்வில் சேராது. கப்பலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் கேப்டன் எந்த நேரமும் எழுப்பலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் அது முடிந்ததும் ஈடான ஓய்வு கொடுத்தாக வேண்டும்.

துறைமுகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நள்ளிரவு முதல் காலை 6 வரை கார்கோ வாட்ச், அதாவது சரக்கு ஏற்றி இறக்குவதைக் கவனிக்கும் முறை வேலை. 9 மணிக்குக் கப்பலை வேறு பெர்த்துக்கு, அதாவது வேறு நிறுத்துமிடத்துக்கு, மாற்றுகிறார்கள் என்று ஸ்டேஷனுக்கு, கயிறு அவிழ்த்துக் கட்டும் வேலைக்கு, எழுப்பிவிட்டார்கள். கயிறு கட்டி முடிக்க 11. பகல் 12 முதல் மாலை 6 வரை மறுபடி வாட்ச். "கூட்டிப் பாரு, பத்து மணி ரெஸ்ட் வருதுல்ல?" என்றார் செகண்ட் மேட், கப்பலின் இரண்டாம் அதிகாரி. வருகிறதுதான். காலையில் 3 மணி நேரம், பகலில் 1 மணி நேரம், இரவில் 6 மணி நேரம். ஆனால் மூன்று துண்டு! அதுவே விதிமீறல். இரவில் அந்த 6 மணி நேரமாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. கார்கோ முடிந்தது, ஹாச் கவரை, அதாவது சரக்கறை மூடியை, மூடு, கப்பலை வெளியே கொண்டுபோக வழிகாட்டும் பைலட் வருகிறார் என்று மறுபடி எழுப்பினார்கள். கடலுக்குப் போனாலாவது தூங்கலாமா? அடுத்த சரக்கு கோதுமை. ஹோல்டு என்கிற ஐந்து சரக்கறைகளிலும் ஒட்டிய கரித்தூளைக் கூட்டி, உப்புத்தண்ணீர் அடித்து, நல்ல தண்ணீர் அடித்து, அடியில் கழிவுநீர் தேங்கும் பில்ஜ் கிணற்றில் இறங்கிக் கையால் சேற்றை வாரி, சர்வேயர் வெள்ளைத்துணியால் தடவிப் பார்த்தாலும் அழுக்கு வராத அளவுக்குத் துடைக்க வேண்டும். ராத்திரி பகல் தெரியாது.

அந்த நாளெல்லாம் தாளில் எப்படி இருந்தது தெரியுமா? 8 மணி வேலை, 3 மணி ஓவர்டைம், மிச்சம் ஓய்வு. எல்லா நாளும் அதே அச்சு.

இப்போது தாள்கூட இல்லை, கம்ப்யூட்டர். ஒரு நாளுக்கு அரை மணிக்கு ஒன்றாக 48 கட்டம். விதி மீறினால் அந்த நாள் சிவப்பாகும். மாதக் கடைசியில் செகண்ட் மேட் உட்கார்ந்து சிவப்பையெல்லாம் பச்சையாக்குவார். எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் அவரிடம் ஒரே நோட்டில். நான் பார்த்தே இராத பதிவில் என் பெயரில் ஒப்புதல் விழுந்திருக்கிறது. கேட்டதற்கு, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசர், "சிவப்பு காட்டினா போர்ட் ஸ்டேட் இன்ஸ்பெக்ஷன்ல கப்பலைப் பிடிச்சு வச்சிருவாங்க, அப்புறம் உனக்கு அடுத்த கப்பல் கிடையாது" என்றார். வந்து நிற்கும் கப்பலை அந்தத் துறைமுக நாட்டு அரசு சோதிப்பதைத்தான் போர்ட் ஸ்டேட் இன்ஸ்பெக்ஷன் என்கிறார்கள். பதிவில் நாமும், கேப்டனோ அவர் அனுமதித்தவரோ ஒருவரும் கையெழுத்திட வேண்டும், அதன் பிரதி ஒன்று நம் கையில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மாதமும் எனக்குப் பிரதி வந்ததில்லை.

இது வெறும் காகித விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களோடு இருந்த ஓஎஸ், அதாவது ஏபிக்குக் கீழ்நிலை மாலுமிப் பையன், உவரிப் பக்கம், முதல் கப்பல். ஹோல்டு வேலை முடித்து விடியற்காலை ஹாச் கவரை இறுக்கும் கிளீட் கொக்கியைப் போடும்போது கண் செருகி இடது கையின் இரண்டு விரலை நசுக்கிக்கொண்டான். கையுறையை நான்தான் கத்தரித்து எடுத்தேன். கம்பெனிக்குப் போன அறிக்கையில் என்ன இருந்தது? விபத்துக்கு முந்தைய நாள் அவனுக்கு 11 மணி ஓய்வு, காரணம் கவனக்குறைவு. அவன் தூங்காத தூக்கத்தைத் தாளில் எழுதிவைத்து, அதே தாளைக் காட்டி அவனையே குற்றவாளி ஆக்கினார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2010 ஏப்ரலில் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் ஏறி நின்றது. வாட்சில் இருந்த சீஃப் மேட் (சீஃப் ஆபீசரேதான்) அதற்கு முந்தைய 38½ மணி நேரத்தில் 2½ மணிதான் தூங்கியிருந்தார் என்று அந்நாட்டு விசாரணை சொன்னது. ஸ்வீடனில் மால்மோவில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: ஓய்வுப் பதிவைத் திருத்தி எழுதுவது கப்பல்களில் பரவலான பழக்கமாகிவிட்டது, ஆள் குறைவுதான் அதன் வேர். ஆக, அந்த செகண்ட் மேட் ஒருவரைத் திட்டி என்ன பயன்? அவரும் தூங்காத மனுஷன்தான். ஆளைக் குறைத்து லாபம் பார்க்கிறவன் கரையில் உட்கார்ந்திருக்கிறான்.

ஒப்பந்தம் முடிந்து இறங்கும் சைன் ஆஃப் நேரத்தில் பணமும் போனது. என் ஒப்பந்தத்தில் மாதம் 103 மணி ஓவர்டைம் சம்பளத்தோடு சேர்ந்தது, அதற்கு மேல் போனால் மணிக்கணக்கில் தனியாக. நான் தினமும் டைரி எழுதியிருந்தேன். கணக்குக் கேட்டதும் கேப்டன் பிரிண்ட் எடுத்துக் காட்டினார். "நீயே ஒப்புக்கொண்ட பதிவு. 103-ஐத் தாண்டவில்லை." ஓய்வு என்று எழுதிய ஒவ்வொரு கட்டமும் சம்பளம் இல்லாத கட்டம். ஒரே பொய்யில் தூக்கமும் போச்சு, கூலியும் போச்சு.

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நிற்க 1908-லேயே வேலைநிறுத்தம் செய்து, வேலை நேரத்தைக் குறைத்து ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நூறு வருஷம் கழித்தும் தூங்கிய கணக்கைப் பிறர் எழுதக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது டைரிதான், அதிலும் குறிப்பாக ஒரு பழக்கம். வேலை செய்த நேரத்தை மட்டும் எழுதாமல், பைலட் ஏறிய நேரம், கடைசிக் கயிறு கட்டிய நேரம், நங்கூரம் போட்ட நேரம், ஹாச் திறந்த நேரம் எல்லாம் எழுதினேன். இவை கப்பலின் அன்றாடக் குறிப்பேடான லாக் புத்தகத்திலும் துறைமுகத்திலும் பதிவாகியிருக்கும், செகண்ட் மேட் பச்சையாக்க முடியாது. ஊருக்கு வந்து, தேதி வாரியாக என் டைரியையும் ஓய்வுப் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கம்பெனிக்கு எழுதினேன், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் நகல் போகும் என்று சேர்த்தேன். ஸ்டேஷன் நேரத்துக்கான ஓவர்டைம் மட்டும் வந்தது. ஹோல்டு வேலைக்கு லாக்கில் நேரம் இல்லை, அது வரவில்லை. இனி போகிறவர்கள் ஹோல்டில் இறங்கும் அனுமதிச் சீட்டின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். மாதப் பிரதியைக் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்த தேதியை எழுதிவையுங்கள். கப்பலுக்குள்ளே புகார் கொடுக்கும் முறையை எழுத்தில் தருவது அவர்கள் கடமை. அது பலிக்காவிட்டால் துறைமுகத்தில் ஏறும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம், சொன்னவர் பெயரை அவர் வெளியிடக் கூடாது.

ஏஜென்ட்டிடம் கொடுத்த பணம் இதுவரை வரவில்லை. என்னைக் கப்பலில் ஏற்றிய, லைசென்ஸ் உள்ள கம்பெனியோ, அந்த ஆள் எங்கள் ஆளே இல்லை என்கிறது. மாடி அறையைக் காலி செய்துவிட்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. அங்கே போகிறவர்கள் முதலில் ஆர்பிஎஸ்எல், அதாவது கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தரும் லைசென்ஸ், அதன் எண்ணைக் கேட்டு, தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எண்ணைக் கேட்டதும் "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று பேச்சை மாற்றினால், சிடிசியையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.