காசு போனது, வரி போய்ச் சேர்ந்ததா? கைபேசியில் வருமான வரி கட்டிய இரண்டரை ஆண்டு அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் நான்கு அறை உள்ள சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறேன். 2023 ஓகஸ்ட் முதல் என் வருமான வரி முழுவதையும் கைபேசியில் உள்ள வங்கிச் செயலி மூலமே கட்டி வருகிறேன். 2026 பெப்ரவரியோடு 11 காலாண்டுத் தவணைகளும் இரண்டு இறுதிக் கட்டணங்களும் ஆகிவிட்டன. அவற்றில் பத்து ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தன. மற்ற மூன்றைத் தீர்க்க நான் அலைந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா விடுதியைப் பார்த்த காலத்தில் வரி கட்டுவதென்றால் ஒரு காலைப் பொழுது போய்விடும். ஆட்டோ பிடித்து நகரத்துக்குப் போய், வங்கியில் படிவம் நிரப்பி, வரிசையில் நின்று, முத்திரை குத்திய துண்டோடு திரும்புவார். ஓகஸ்டில் அறைகள் நிறைந்திருக்கும்போது அந்தக் காலைப் பொழுது எங்களுக்குப் பெரிய இழப்பு. இப்போது விருந்தினர்கள் படுத்த பிறகு, இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாம். 2023 ஓகஸ்ட் 15 இல் முதல் தவணையை அப்படித்தான் கட்டினேன். வரி இலக்கத்தை (ஊரில் டின் நம்பர் என்றால்தான் தெரியும்) அடித்ததும் என் பெயர் வந்தது. வரி வகை, ஆண்டு, தவணை, தொகை, ஓடிபி, அவ்வளவுதான். அப்பா மட்டும் பக்கத்தில் நின்று, "துண்டு எங்க பிள்ளை?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை. அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

முதல் சிக்கல் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. நவம்பர் எங்களுக்கு அடைமழைக் காலம். கரண்ட் போகும், இணையம் விட்டுவிட்டு வரும். ஓடிபி வர நேரமாகி, திரை சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் வெறுமையாகிவிட்டது. கட்டுப்படவில்லை என்று நினைத்து மறுபடி கட்டினேன். காலையில் பார்த்தால் 30,000 ரூபா இரண்டு தடவை போயிருந்தது. வங்கியில் விசாரித்தேன். பணம் வரிக் கணக்குக்குப் போய்விட்டது, தங்களால் திருப்ப முடியாது என்றார்கள்.

இதில் எனக்குக் கைகொடுத்தது சட்டத்திலேயே இருக்கும் கணக்கு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, தவணை என்பது ஆண்டு மதிப்பீட்டை நாலாகப் பிரித்த கல்வெட்டு அல்ல. அந்த ஆண்டுக்கு மதிப்பிட்ட வரியில் ஏற்கெனவே கட்டியதைக் கழித்து, மிச்சத்தை மிஞ்சியிருக்கும் தவணைகளால் பிரிக்க வேண்டும். என் மதிப்பீடு 120,000. ஓகஸ்டில் 30,000, நவம்பரில் தவறி 60,000. மிச்சம் 30,000. ஆகவே பெப்ரவரிக்கும் மேக்கும் 15,000 படி கட்டினால் போதும். இதைச் சொல்லித் தந்தவர் நகரத்தில் இருக்கும் ஒரு கணக்காளர். எங்களைப் போல ஆறு மாதம் மட்டும் உழைக்கும் ஊருக்கு இது பெரிய விஷயம். கிழக்குக் கரையில் சீசன் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை. நவம்பர் 15, பெப்ரவரி 15 தவணைகள் வரும்போது கையில் காசு இருக்காது. அன்றிலிருந்து நான் ஓகஸ்டிலேயே கூடுதலாகக் கட்டிவிடுகிறேன். பின்னால் வரும் தவணைகள் அதற்கேற்பக் குறைகின்றன.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. 2024 மே.

வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. ஆனால் அந்த ஆண்டின் நான்காம் தவணைக்குக் கடைசி நாள் மே 15. அதாவது ஆண்டு முடிந்து, அடுத்த ஆண்டு பிறந்து ஆறு கிழமைக்குப் பிறகு. நான் கட்ட வேண்டியது 2023/24 இன் நான்காம் தவணை. செயலியில் ஆண்டைத் தெரிவு செய்யும்போது, இது 2024 மே தானே என்று 2024/25 ஐத் தொட்டுவிட்டேன். செயலி ஒன்றும் கேட்கவில்லை. பெயர் சரி, தொகை சரி, "வெற்றி" என்று பச்சை நிறத்தில் வந்தது. அப்போது 2024/25 இன் முதல் தவணைக்கே இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதன் நான்காம் தவணையை ஒருவர் ஏன் இப்போது கட்டுகிறார் என்று ஒரு வரி கேட்டிருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

செப்டெம்பர் 30 க்குள் 2023/24 இன் மீதியைக் கட்டி முடிக்க வேண்டும். அதற்குக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, நான்காம் தவணை கட்டப்படாமல் நிற்கிறது, அதற்கு வட்டி ஓடுகிறது என்று. மாதம் 1.5 சதவீதம். 15,000 க்கு மாதம் 225 ரூபா. தொகை சிறிது. ஆனால் கட்டிய காசுக்குக் கட்டவில்லை என்று பெயர் வந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. என் காசு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமே, என் பெயரிலேயே, பக்கத்து ஆண்டின் பெட்டியில் கிடக்கிறது.

அதைச் சரியான ஆண்டுக்கு மாற்றும்படி ஒக்டோபரில் திணைக்களத்துக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினேன். வங்கியிலிருந்து உறுதிப்படுத்தல் வாங்கி இணைத்தேன். தொலைபேசியில் ஒருவர் மின்னஞ்சல் போதும் என்றார். இன்னொருவர் கையொப்பமிட்ட மூலப் பிரதி வேண்டும் என்றார். ஜனவரியில் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். அந்த 15,000 சரியான ஆண்டுக்கு மாறியது 2025 மே மாதத்தில். ஏழு மாதம். நடுவில் ஒருநாள்கூட, என் கடிதம் யார் மேசையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்க்க வழி இருக்கவில்லை. கட்டுவதற்கு ஐந்து நிமிடம், திருத்துவதற்கு ஏழு மாதம். இதுதான் எனக்குள்ள முதன்மையான முறைப்பாடு. பணம் வாங்கும் பக்கம் எவ்வளவு வேகமோ, பிழை திருத்தும் பக்கமும் அதில் பாதி வேகமாவது இருக்க வேண்டும்.

ஆண்டுகள் மோதுவது மேயில் மட்டும் அல்ல. ஓகஸ்ட் 15 இல் புதிய ஆண்டின் முதல் தவணை, செப்டெம்பர் 30 இல் பழைய ஆண்டின் மீதி. நவம்பர் 15 இல் புதிய ஆண்டின் இரண்டாம் தவணை, நவம்பர் 30 இல் பழைய ஆண்டின் வரி அறிக்கை. நான்கு மாதத்துக்குள் இரண்டு ஆண்டுகள் மாறி மாறி வருகின்றன. கணக்காளர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். என்னைப் போலச் சமையலும் பார்த்து, படுக்கை விரிப்பும் மாற்றி, இரவில் வரி கட்டுபவர்களுக்குத் திரையில் "2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை உழைத்த வருமானத்துக்கு" என்று தமிழில் ஒரு வரி இருந்தாலே பாதிப் பிழை வராது. நான் பாவிக்கும் செயலியில் மற்றப் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன. வரிப் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில்.

மூன்றாவது சிக்கல் சிறியது. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 15 போயா (பௌர்ணமி) விடுமுறை. போயா அன்று இரவு கட்டினேன். என் கணக்கில் 15 ஆம் திகதியே கழிந்தது. வரிக் கணக்கில் பதிந்த திகதி 18, திங்கட்கிழமை. வங்கிக் கூற்றைக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து கடைசி நாளில் கட்டுவதை விட்டுவிட்டேன்.

பக்கத்து வளவு அண்ணன் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர். 18 வயது நிறைந்த எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024 இல் வந்தபோது, "டின் எடுத்தா வரி கட்டத்தானே வேணும் தங்கச்சி?" என்று பயந்துகொண்டு கேட்டார். இலக்கம் எடுப்பது வேறு, வரி வருவது வேறு. அப்போது ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வரி இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து அது 18 இலட்சம். அவருடைய வருமானம் அதற்குள்தான். இதை அவருக்கு விளங்கும் தமிழில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா இன்றைக்கும் சோலைவரியை (வீடு, கட்டடங்களுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரி) ஜனவரியில் நேரில் போய்த்தான் கட்டுகிறார். முழு ஆண்டுக்குரியதை 31 ஆம் திகதிக்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு. காசைக் கொடுத்த உடனே பற்றுச்சீட்டு கையில். அவரிடம் பழைய சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. என் வரிக்கும் இப்போது அதே மாதிரி ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். கட்டியவுடன் வரும் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறேன். ஆனால் அதை நான் பற்றுச்சீட்டாக எண்ணுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வரித் தளத்துக்குள் போய், காசு எந்த ஆண்டில், எத்தனையாம் தவணையில், எந்தத் திகதியில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் போட்ட பிறகுதான் எனக்கு வரி கட்டி முடிந்தது.

இந்த முறை பெப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை, சிவராத்திரியும் அன்றுதான். நான் 11 ஆம் திகதியே கட்டி, 13 ஆம் திகதி பார்த்தேன்: 2025/26, மூன்றாம் தவணை, சரியாக நின்றது. அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவரே துளை போட்டுக் கோப்பில் செருகினார். ஞாயிறு இரவு கோணேசர் கோயிலுக்குப் போனபோது கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்தது மே 15. குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தக் கட்டத்துக்குள் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்: "2025/26. 2026/27 அல்ல."