மல்லி ஏன் சாம்பலாகத் தெரிகிறது: ஸ்னாப்சீடோடு ஒரு வருடம்

ஒரு வருடமாகப் படங்களைத் திருத்த ஸ்னாப்சீட் ஒன்றைத்தான் போனில் வைத்திருக்கிறேன். ஃபில்டர் போடுகிற ஆப் என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். போனில் படம் எடுக்கப் பழகுவதைப் பாதியிலேயே விட்டுவிட இருந்த என்னை மறுபடி வெளியே கிளப்பியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்விடுவேன், மல்லி, பிச்சி, சம்பங்கி, செவ்வந்தி என்று சாக்குச் சாக்காக வந்து இறங்கும் நேரம், அதைவிட நல்ல இடம் படம் பழக எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மாதம் போன பிறகும் படங்கள் ஒரே மாதிரிதான் இருந்தன. நேரில் பால் போல இருந்த மல்லிக் குவியல் போனில் சாம்பல் பூத்துக் கிடக்கும், பல்பு வெளிச்சத்தில் எடுத்தவை எல்லாம் மஞ்சள். நாலு மணிக்கு எழுந்து போய்விட்டு வந்து அந்தப் படங்களைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். போனை மாற்றினால்தான் சரியாகும் என்று விலைகூடப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இதை இறக்கினேன். 2011-ல் நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் ஐபேடுக்காகக் கொண்டுவந்த ஆப், அடுத்த வருடமே அந்த நிறுவனத்தை கூகுள் வாங்கிவிட்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மாதச் சந்தா கேட்டு நடுவில் எதுவும் குதிக்காது.

எனக்கு உதவியது எது என்றால், பலர் திறந்தே பார்க்காத 'வியூ எடிட்ஸ்'. ஒரு படத்தில் நீங்கள் செய்த திருத்தங்கள் வரிசையாக அதில் நிற்கும், எதை வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், வேண்டாததை நீக்கலாம். சேமிப்பதற்கு முன் அந்த வரிசையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் எழுதியதும் விஷயம் புரிந்துவிட்டது. பூக்குவியல் படம் ஒவ்வொன்றிலும் 'டியூன் இமேஜ்' போய் பிரைட்னஸைக் கூட்டியிருக்கிறேன். பாதிக்கும் மேற்பட்ட படங்களைச் சாய்வு நிமிர்த்தியிருக்கிறேன், அதுவும் எல்லாம் ஒரே பக்கச் சாய்வு.

பிரைட்னஸ் ஏன் என்று தேடிப் படித்தேன். கேமரா தன் முன்னால் இருப்பதை ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். திரை முழுக்க வெள்ளைப் பூ இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று எடுத்துக்கொண்டு தானே குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகிவிடும். போனில் கோளாறு எதுவும் இல்லை. பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு எடுத்தால் போதும். ரொம்பத் தள்ளினால் இதழின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும், அதைப் பிறகு எந்த ஆப்பாலும் மீட்க முடியாது, அதனால் இரண்டு மூன்று அளவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சாய்வுக்கு கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளைப் போட்டுவிட்டேன், திரையில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் அந்தக் கோடுகளை வைத்து நேராகப் பிடிக்கலாம்.

அடுத்த ஞாயிறு நோட்டில் பிரைட்னஸ் என்ற வார்த்தை இரண்டே இடத்தில்தான் வந்தது. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! லைக் எத்தனை விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு வாரம் பறப்பேன், ஒரு வாரம் சோர்ந்துபோவேன். இப்போது போன மாதம் திருத்திய ஒரு விஷயத்தை இந்த மாதம் திருத்தத் தேவையில்லை என்றால், நான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு வேறு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

மற்ற கருவிகளில் 'செலக்டிவ்' அருமை. பூக்கட்டும் அக்காவின் முகம் மட்டும் இருட்டாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தின் அளவை மாற்றி, அங்கே மட்டும் வெளிச்சம் கூட்டலாம். 'ஒயிட் பேலன்ஸ்' பல்பு மஞ்சளைக் குறைக்கும், ஆனால் முழுவதும் எடுத்துவிடாதீர்கள், விடியற்காலைச் சந்தை என்ற உணர்வே அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பழைய படம் தெரியும், நான் ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் அதைப் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. வெளிச்சம், நிழல், நுணுக்கம் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிக்காட்டும் 'எச்டிஆர் ஸ்கேப்' பக்கம் புதிதாகப் பழகுகிறவர்கள் போகவே வேண்டாம், தோல் சுவர்ப் பூச்சு மாதிரி ஆகிவிடும். 'ஹீலிங்' வெறும் தரையில் கிடக்கும் குப்பையை நன்றாக எடுக்கும், ஆனால் ஒரு பொருளின் விளிம்பை ஒட்டி வைத்தால் ஈஷிவிடும். பல வருடம் பெரிய மாற்றமே இல்லாமல் கிடந்த ஆப் இது, 2025 ஜூனில்தான் ஐபோனுக்கு 3.0 வந்தது. படங்களைத் தேதிவாரியாக, ஆல்பமாக அடுக்கி வைக்கும் வேலைக்கு இது சரிப்படாது, அதற்கு வேறு ஆப் வேண்டும்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒன்று. போன் படத்தின் நீள அகல விகிதம் பெரும்பாலும் 4:3, ஸ்டூடியோவில் போடும் மேக்ஸி சைஸ் 4x6 அங்குலம், அதாவது 3:2. நான் தெரியாமல் அப்படியே கொடுத்து, ஒரு படத்தில் பூக்கட்டும் விரல்களே கீழே வெட்டுப்பட்டு வந்தன. இப்போது 'கிராப்' போய் 3:2 வைத்து, எது போக வேண்டும் என்பதை நானே முடிவு செய்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

திரும்பப் போட்ட அந்த பிரிண்டை அக்காவிடம் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் கையைத்தான் பார்த்தார். "பூவு இன்னைக்குப் பறிச்ச மாதிரியே இருக்கே, பாப்பா" என்று சொல்லிவிட்டு, தராசுக்குப் பின்னால் இருந்த பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பிச்சி வரும்போது வா என்றார், போகிறேன்.