அப்பத்தா முகத்தில் ஃபேன்: அக்ரிலிக் படத்தோடு நான்கு வருடம்

கல்லூரித் தோழன் ஒருவன் மறைமலைநகரில் வீடு கட்டி முடித்திருக்கிறான். "ஹாலுக்குப் பெரிய படம் ஒண்ணு மாட்டணும்டா, அக்ரிலிக்கா கேன்வாஸா?" என்று போன வாரம் கேட்டான். அக்ரிலிக் என்பது கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் பலகை, படத்தை அதன் பின்னால் ஒட்டித் தருவார்கள். கேன்வாஸ் என்றால் துணியில் அடித்த படம். அவன் கேட்ட அதே வாரம்தான் என் வீட்டு அக்ரிலிக் படத்தின் கீழ் மூலையைப் பழுது பார்க்க முடியாது என்று கடைக்காரர் கைவிரித்தார். அந்தக் கோபத்தோடு அவனுக்குப் பதில் சொன்னதில் பாதி விஷயம் விட்டுப்போனது. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

படம் 2016-ல் சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் எடுத்தது. அப்பத்தாவின் அடுப்படி. ஓட்டுக்கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கும் வெயில் விறகுப் புகையில் பட்டு ஒரு தூண் மாதிரி நிற்கும். அந்தத் தூணை ஒட்டி, பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி இருட்டிலுமாக அப்பத்தா. மற்றதெல்லாம் கரிச்சுவர். படத்தில் முக்கால் பங்கு இருட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் தொல்லை எல்லாம் அங்கேயிருந்துதான் வந்தது.

முதலில் 2019-ல் 24×36 அங்குலத்தில் சன்போர்டு என்னும் லேசான நுரைப் பலகையில் ஒட்டி, மேலே மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம், போட்டு வாங்கினேன். விலை குறைவு, எடை இல்லை, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பளபளப்பு இல்லை. ஆனால் கறுப்பு செத்துப்போயிருந்தது. மேட் படலம் தன் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதில் கொஞ்சம் படத்தின் இருட்டு மேல் சாம்பல் பூத்தது போலப் படியும். கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் வெள்ளிப் பொடி தூவியது போல நுண்ணிய புள்ளிகள். படலம் தாளோடு முழுசாக ஒட்டாமல் நடுவில் நின்றுவிட்ட காற்று அது. கடற்கரைப் படமாக இருந்தால் கண்ணில்கூடப் பட்டிருக்காது. கரிச்சுவரில் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் போர்டும் வில்லாக வளைந்தது.

2021-ல் பணம் சேர்த்து அக்ரிலிக்குக்குப் போனேன். 60×40 அங்குலம். பிரிண்டின் முகத்தை 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்கின் பின்பக்கம் அப்படியே ஒட்டி, பின்னால் தாங்கலுக்கு ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியத் தகடு) கொடுத்தார்கள். மொத்தம் 15 கிலோ வரும். என்னுடையது 24 மெகாபிக்சல் கேமரா. 60 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் கிடைக்கும். உடைந்து தெரியுமோ என்று பயந்தேன். ஆறு அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் ஒரு குறையும் தெரியாது.

மாட்டிய அன்று ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஹால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மேலேயிருந்து சாய்வாக விழும் ஒரு டிராக் லைட்டை மட்டும் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா படத்துக்குக் கிட்டே போனார், நின்றார், விரலைக் காற்றிலேயே வைத்து எதையோ வாசித்தார். கரிச்சுவரில் அப்பத்தா சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்த பால் கணக்கு. ஐந்து கோடு, ஒரு குறுக்குக் கோடு. படத்தை எடுத்தவன் நான், கம்ப்யூட்டரில் எத்தனையோ மணி நேரம் திருத்தியவனும் நான், அது என் கண்ணில் பட்டதே இல்லை. பிரிண்டுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே காற்றே இல்லாததால் ஒளி உள்ளே சிதறாது. கறுப்பு கறுப்பாகவே நிற்கும், அதனால் கறுப்புக்குள் இருக்கும் கறுப்பும் பிரிந்து தெரியும். ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி தன் பிரம்மாண்டமான படங்களை இப்படித்தான் ஒட்டுவார். 2011-ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போன அவருடைய ரைன் நதிப் படமும் அக்ரிலிக்கில் ஒட்டியதுதான். ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பத்தாவின் முகத்தில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரே பால்கனிக் கதவு. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை இந்தப் படத்தைப் படமாகப் பார்க்க முடியாது. கொடியில் காயும் துண்டு, எதிர்வீட்டு ஏசி, போகிற வருகிற நாங்கள், எல்லாம் அந்த அடுப்படிக்குள் இருக்கிறோம். அக்ரிலிக்கின் மேற்பரப்பு தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றாக அடித்த கறுப்பு திருப்பி அனுப்புவது அதைவிடவும் குறைவு. அதனால் இருட்டான இடத்திலெல்லாம் பிரதிபலிப்புதான் ஜெயிக்கும். பிரதிபலிப்பை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும் பூச்சுள்ள அக்ரிலிக் உண்டு. விலை பல மடங்கு. எனக்கு அதைப் பற்றிக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஹால்ல எந்தப் பக்கம் சார் ஜன்னல்?" என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரை போட்டுப் பார்த்தேன். பகலில் வீடே இருண்டது, வீட்டில் சண்டை. பிறகு படத்தின் மேல் விளிம்பு சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் வருமாறு சாய்த்து மாட்டினேன். ஃபேன் விலகி, முகத்தின் இடத்தில் தரையும் சோபாவின் கருநீல உறையும் வந்தன. அது தேவலை. இந்த நான்கு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இந்தச் சாய்ப்புதான்.

மூலைக்கு வருகிறேன். தூசியை அக்ரிலிக் இழுத்து இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க ஜன்னல் கண்ணாடிக்கு வைத்திருந்த திரவத்தையே அடித்துவிட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அமோனியா கலந்தது அக்ரிலிக்குக்கு ஆகாது, ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியே போதும் என்பது பின்னால்தான் தெரிந்தது. வழிந்த ஈரம் கீழ் விளிம்பில் தங்கியிருக்கிறது. இப்போது இடது மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பனி படர்ந்தது போல வெளுத்திருக்கிறது. ஒட்டுப்படலம் விட்டுப்போயிருக்கிறது. பிரித்து ஒட்ட முடியாது, பிரித்தால் பிரிண்ட் கிழியும். இந்த முறையில் ஒரு மூலை போனால் முழுப் படமும் போனதாகத்தான் அர்த்தம். தப்பு என் பக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு வாங்கிக்கொண்டு கொடுப்பவர்கள் எப்படித் துடைப்பது என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தரக் கூடாதா? விளிம்பை அடைத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?

கேன்வாஸ் பற்றியும் தோழன் கேட்டான். படுக்கையறையில் ஒன்று இருக்கிறது, ஊர்க் கண்மாய்ப் படம். கண்ணை உறுத்தாது, இறகு மாதிரி எடை. ஐப்பசி, கார்த்திகையில் தொய்யும். பின்னால் சட்டத்தின் மூலைகளில் இருக்கும் மர ஆப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் விறைக்கும். துணியின் நெசவு முகங்களின் மேல் தெரியும் என்பதால் ஆள் படத்துக்கு நான் போட மாட்டேன். மரம், தண்ணீர், வயல் என்றால் தாராளமாகப் போடலாம்.

அவனுக்குக் கடைசியாக நான் சொன்னது: எதிரே ஜன்னல் இருந்தால் அக்ரிலிக் வேண்டாம். பருத்தித் தாளில் பிக்மென்ட் இங்க் (நிறமித் துகள் மை) பிரிண்ட், சுற்றி தாள் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடும் மவுண்ட் அட்டை, மேலே பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி. மவுண்டை மட்டும் மிச்சம் பிடிக்காதே. நம் ஊர்க் காற்றில் தாள் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், வீட்டுக்கு வீடு தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்து நிற்பது அதனால்தான். ஃப்ரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டு, சுவர் ஈரம் ஏறாது. ஆர்டர் கொடுப்பதற்கு முன், படத்தின் இருட்டான பகுதியில் 8×12 அளவுக்கு ஒரு துண்டு மட்டும் அதே ஃபினிஷில் அடித்து வாங்கு. மாட்டப்போகும் சுவரில் பிடித்து, காலை பதினோரு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை பார்.

மூலை போன படத்துக்கு மாற்றாகப் புதிது போட, நானும் அப்படித்தான் இந்த முறை துண்டு அடித்து வாங்கினேன், பருத்தித் தாளில் ஒன்று, அக்ரிலிக்கில் ஒன்று. பகலில் பருத்தித் தாள் அடித்துக்கொள்ள ஆளில்லை. ராத்திரி விளக்கைப் போட்டேன். பருத்தித் தாளில் பால் கணக்கு தெரிந்தது, ஆனால் அது இருக்கும் இடம் தெரிந்ததால்தான் தெரிந்தது. அக்ரிலிக்கில் அது தானாக வந்து நின்றது.

அக்ரிலிக்குக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வேறு கடை, விளிம்பு அடைத்துத் தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை பால்கனிக்கு எதிரே இல்லை, ஜன்னலே இல்லாத நடைவழிச் சுவர். அங்கே 60 அங்குலம் இடிக்கும், 45 தான் இடம். பழையதைப் புதியது வரும்வரை இறக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.